ஜெனிதாவின் மூவாயிரம் சுற்று

பட்டினப்பாக்கம் ஜெனிதாவுக்குக் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, யார் குடி முழுகிப் போயிற்று? அம்மா லூர்துமேரி மீன் கூடை சுமந்து படிக்கவைத்த பெண் அவள். ஐ.டி.ஐ. மெக்கானிக் வகுப்பில் அத்தனை பையன்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து தேறியவள். காயலான் கடையில் கிடந்த ஒரு ஜெனரேட்டரை வாங்கிப் பிழைக்கவைத்து, கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாடகைக்கு விட ஆரம்பித்தாள். இன்று நாலு வைத்திருக்கிறாள். கணவன் லாரன்ஸ் லோடு ஆட்டோவில் அவற்றை ஏற்றி இறக்குகிறான்.

எஞ்சின் வேகத்தை அளந்து காட்டாமல் எந்த மிஷினையும் அவள் கைமாற்ற மாட்டாள். நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றினால்தான் கரண்ட் ஒழுங்காக வரும். கூடினாலும் வம்பு, குறைந்தாலும் வம்பு. இதற்காக ஒவ்வொரு மிஷினின் மூடியிலும் ஒரு துளை போட்டு, உள்ளே சுழலும் சக்கரத்தில் வெள்ளி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள். துளைக்கு நேராக ஆர்.பி.எம். மீட்டரை நீட்டிப் பொத்தானை அமுக்கினால், சிவப்பு வெளிச்சம் ஸ்டிக்கரில் பட்டுப் பட்டுத் திரும்பும், திரையில் வேகம் தெரியும். வாடகைக்கு எடுக்க வந்தவர் அதைப் பார்த்துத் தலையாட்டியே ஆக வேண்டும்.

“இன்னாக்கா, மிஷினுக்கு ஜுரமா?” என்று தெருவில் கிண்டலடிப்பார்கள்.

“உனுக்கு வாய்க்கொழுப்பு ஏறிக்கீது. வா, அதையும் அளந்துடலாம்” என்பாள்.

போன டிசம்பர் மழையில் மந்தைவெளிப் பக்கம் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. அங்கிருந்து கோமளம் மாமி ஜெனரேட்டர் கேட்டுப் போனில் அழுதாள். அவள் கணவர் ராமானுஜத்துக்கு நுரையீரல் கெட்டுப்போய், ஆக்சிஜன் மிஷினை வைத்துத்தான் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லாமல் அது வேலை செய்யாது. கைவசம் இருந்த சின்ன சிலிண்டர் மத்தியானம் வரை தாங்கினால் பெரிது. தெருவெல்லாம் தண்ணீர், ஆம்புலன்ஸும் உள்ளே வர முடியவில்லை.

ஜெனிதாவும் லாரன்ஸும் ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு முட்டளவு தண்ணீரில் போய்ச் சேர்ந்தார்கள். புகை வீட்டுக்குள் வரக் கூடாதென்று ஜெனரேட்டரை மொட்டைமாடித் தகரக் கூரைக்கடியில் வைத்தார்கள். கிளப்பினாள், மீட்டரை நீட்டினாள். மூவாயிரத்துக்கு ஒரு முடிதான் மேலே. அந்த அவசரத்திலும் மாமியை மாடிக்கு வரவழைத்துக் காட்டினாள்.

கீழே ஒயரை இழுத்து ஆக்சிஜன் மிஷினைச் சொருகினார்கள். அது ஒரு தடவை உறுமியது, கீகீ என்று அலறியது, நின்றுவிட்டது. மறுபடி போட்டாலும் அதே கதிதான்.

“மாமி, உங்க மிஷின்லதான் இன்னாவோ கோளாறு கீது. என்னுது கரெக்டா ஓடிக்கினு இருக்கு, நீங்களே பாத்தீங்க இல்ல?” என்றாள் ஜெனிதா.

“கார்த்தால கரண்ட் போற வரைக்கும் நன்னா ஓடிண்டிருந்ததேடிம்மா” என்ற மாமியின் கண், சிலிண்டர் முள்ளைவிட்டு நகரவில்லை. முள் சிவப்புக் கோட்டுக்கு வந்திருந்தது.

அந்தப் பதில் ஜெனிதாவுக்குச் சுருக்கென்றது. லாரன்ஸைக் கீழே சொருகச் சொல்லிவிட்டு, மாடியேறி மீட்டரை மறுபடி நீட்டினாள். ஆக்சிஜன் மிஷினின் லோடு ஏறியதும் வேகம் சரிந்தது. இரண்டாயிரத்து எண்ணூறு, அறுநூறு, அதற்கும் கீழே. ஏறவே இல்லை. இத்தனை வருஷமும் அவள் அளந்ததெல்லாம் வெறும் ஓட்டத்தில். வேலை கொடுக்காதவரை எல்லா மிஷினும் சமர்த்துதான் என்பது அவளுக்கு அதுவரை தோன்றியதே இல்லை. முகம் பற்றிக்கொண்டு எரிந்தது.

மேலே வந்து மீட்டரைப் பார்த்த லாரன்ஸ் குரலைத் தாழ்த்தினான். “அவுங்களுதுதான் கோளாறுன்னு இருக்கட்டுமே. போய் வேற மிஷின் எடுத்தாந்துடலாம்.”

“நீ போய்ட்டு வர்றதுக்குள்ள அந்த மனுஷனுக்கு யாரு மூச்சு குடுக்குறது?” என்று சீறிவிட்டு, படிக்கட்டில் குனிந்து கத்தினாள். “மாமி! தப்பு என்னுதுலதான்! கொஞ்சம் தேங்கா எண்ணெ குடுங்க!”

லோடு ஏறும்போது எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிவிட வேண்டிய கவர்னர் கம்பி, கடற்காற்றில் துருப்பிடித்து இறுகியிருந்தது. எஞ்சினை அணைத்தாள். பிளேடால் சுரண்டினாள், எண்ணெய் விட்டாள், கம்பி இலகுவாக ஆடும்வரை முன்னும் பின்னும் அசைத்தாள். மறுபடி கிளப்பிச் சொருகச் சொன்னாள். வேகம் ஒருமுறை இறங்கியது, உடனே சமாளித்து ஏறி மூவாயிரத்தில் நின்றது. கீழே அலறல் இல்லை. புஸ் புஸ்ஸென்று ஆக்சிஜன் வரும் சத்தம் மட்டும் கேட்டது. மாமி குழாயைச் சிலிண்டரிலிருந்து மிஷினுக்கு மாற்றினாள்.

ஜெனிதா கிளம்பவில்லை. மழைச் சாரலில் மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அடிக்கடி மீட்டரை நீட்டிப் பார்த்தாள். மாமி கொண்டுவந்து கொடுத்த தயிர்சாதத்தையும் அங்கேயே சாப்பிட்டாள். வாடகைக்கு விட்டவள் இப்படிக் காவல் இருக்க வேண்டுமென்று எந்தச் சட்டமும் இல்லை. அவளுடைய கர்வம் அப்படிப்பட்டது.

சாயங்காலம் கரண்ட் வந்தது, தெருவே கூச்சல் போட்டது. ஜெனிதா கீழே இறங்கி வந்தபோது, மாமி பிளக்கை வீட்டு லைனுக்கு மாற்றக் கை வைத்திருந்தாள். கட்டிலில் கிடந்த ராமானுஜம் கையை உயர்த்தித் தடுத்தார். மூச்சுக்கு மூச்சு இடைவெளி விட்டுப் பேசினார்.

“ஏண்டி கோமளம்... அந்தப் பொண்ணோட கரண்டே... இருக்கட்டுமே. நன்னாத்தானே இருந்தது.”

ஊருக்கெல்லாம் பதில் வைத்திருப்பவள் வாசல் பக்கம் திரும்பி நின்று அழுதாள். பெருமையில்தான்.