இல்லாத பிள்ளைக்குக் காய்ச்சல்

இது நடந்ததுதான். நம்பாதவர்கள் யோகநாதனையே கேட்டுப் பார்க்கலாம். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் தலையைக் குனிந்துகொள்வான். பயத்தைவிட வெட்கத்தில்தான்.

1996 ஐப்பசி. கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட சனத்துக்கு அக்கராயனில் ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்துக் கூடாரம் கொடுத்தார்கள். எல்லாம் இரும்புக் கம்பியோடு வந்த தடித்த படங்குக் கூடாரங்கள். தூக்கினால் இடுப்பு விட்டுவிடும். ஒன்று மட்டும் புதுவகை. கம்பியே இல்லை. சைக்கிள் பம்மால் காற்றடித்தால் எழும்பி நிற்கும், சுருட்டினால் ஒரு தலையணை அளவு. நாலு தரம் இடம்பெயர்ந்த யோகநாதனுக்குத் தன் சைக்கிளின் பின் கரியல் எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரியும். இரண்டையும் தூக்கிப் பார்த்தான். பிறகு புதியதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அது நோயாளிப் பிள்ளையோடு அலைகிறவர்களுக்கு என்றார் கொடுப்பவர். கல்யாணமே கட்டாத யோகநாதன் கூசாமல் சொன்னான்.

"என்ர பிள்ளைக்குக் காய்ச்சல்."

அவனுக்குப் பின்னால் நின்றவள் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த யூலிற்றா. அவளுடைய தோளில் நாலு வயது மகன் டினோஜன் மலேரியாவில் கொதித்துக்கொண்டு கிடந்தான். பலூன் வீடு வேண்டும் என்று கூடாரத்தைக் காட்டினான். அவள் அந்தக் கையை மெல்ல மடக்கினாள்.

"நீங்கள் எடுங்கோ அண்ணை. உங்கட பிள்ளை நனையக்கூடாது."

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். அவனுக்குக் கூரையே கிடைத்தது. யூலிற்றாவுக்கு மிஞ்சியது தடித்த படங்குதான். அதைக் கரியலில் கட்டினால் பிள்ளையை எங்கே இருத்துவது? அவள் அதை விட்டுவிட்டு, மழைக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள். அவன் பார்த்தும் பாராதவன்போல நின்றான்.

அன்றிரவு காட்டோரம் கூடாரத்துக்குக் காற்றடித்து, தனியாகப் படுத்தான். திடீரென்று விழிப்பு வந்தது. கைக்கடிகார முள் பச்சையாக மினுங்கியது. 1.40.

உள்ளே ஒரே சூடு. இடப்பக்கம் மூச்சுச் சத்தம். சின்ன மூச்சு... வேகமாக...

பற்றரிக்குத் தடை இருந்த காலம். டோச் வெளிச்சம் ஏது?

இருமல்.

"மாமா... தண்ணி..."

போத்தல் தலைமாட்டில்தான் இருந்தது. கை நீட்டினால் எட்டும். அவன் நீட்டவில்லை. போர்த்திருந்த சாரத்தை இழுத்துத் தலையை மூடினான்.

1.55.

"தண்ணி..."

2.10.

மூச்சு நின்றுவிட்டது.

விடிந்ததும் பார்த்தான். பாயின் இடப்பக்கம், ஒரு குழந்தை படுக்கும் அளவுக்கு நனைந்திருந்தது. கூடாரம் எங்கேயும் ஒழுகவில்லை.

கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு யூலிற்றாவைத் தேடி ஓடினான். பள்ளிக்கூடத்துக்கு அப்பால் ஒரு பாலைமரத்தின் கீழே சனம் நின்றது. நடுவில் சின்ன உடம்பை மூடிய வெள்ளைத் துணி. இரவு இரண்டு பத்துக்கு முடிந்தது என்றார் ஒருவர். யூலிற்றா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"உங்கட பிள்ளைக்கு இப்ப எப்பிடி, அண்ணை?"

அவன் கூடாரத்தை அவளருகில் வைத்தான். அவள் அதைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"பலூன் வீட்டுக்க படுத்திருக்கிறன் எண்டவன். நான் தண்ணி பருக்கப் பருக்க வேண்டாமெண்டிட்டான். மாமாவிட்டக் கேட்டிருக்கிறன், அவர் தருவார் எண்டு கடைசி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவன்."