ஜாசினிலிருந்து ஏற்றி வந்த வீடுகள்

ஒரு குடும்பத்தின் மொத்த வாழ்க்கையும் எத்தனை கயிறு போட்டுக் கட்டினால் நிற்கும் என்பது லாரிக்காரனுக்குத் தெரியும். வீடு மாற்றி அவதிப்பட்ட உங்களுக்கும் தெரிந்திருக்கும். மலாயா சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் மலாக்கா காஜா பெராங்கில் நான் ஒரு பழைய லாரி வைத்திருந்தேன். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் தொழிலாளிகள் குடியிருந்த ஜாசின் பக்கத்து லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அந்தச் சனங்களைச் சட்டி பானையோடு டவுனுக்கு ஏற்றி வந்தேன்.

வழியில் ஒரு நிறுத்தம்

பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்த முனியாண்டியின் குடும்பம் அது. கட்டில், தகரப்பெட்டி, கூண்டில் நாலு கோழி. தோட்டத்துச் சுடுகாட்டைத் தாண்டும்போது அவர் மனைவி அஞ்சலை, "நிறுத்துங்கண்ணே" என்றாள். இறங்கி மரங்களுக்குள் தனியாகப் போனாள். மழை வரும்போலிருந்தது. எரிச்சலில் ஹாரனில் கை வைத்தேன். முனியாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "மூத்தவன் அங்கதான் இருக்கான். மூணு வயசு" என்றார். கையை எடுத்துவிட்டேன்.

திரும்பி வந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். டவுனை நெருங்கி லாரி புக்கிட் பாருவைத் தாண்டியது. பிறகு அவளாகவே சொன்னாள்: "புது வீட்டு விலாசத்தச் சொல்லிட்டு வந்தேண்ணே. இல்லேன்னா லயத்துல போயி எங்களத் தேடுவான்ல?"

ராவுத்தர் கடை

இன்னொரு தோட்டத்து வாசலில் ஒரு ராவுத்தர் மளிகைக்கடை வைத்திருந்தார். நான் ஏற்றிப்போன குடும்பமெல்லாம் அவரிடம் அரிசியும் கருவாடும் வாங்கியவை. ஆரம்பத்தில் எனக்குத் தேநீர் கொடுத்தவர், ஐந்தாறு நடைக்குப் பிறகு லாரியைக் கண்டாலே உள்ளே போய்விடுவார்.

கடைசியாகப் போனபோது லயத்தில் மூன்று வீட்டில்தான் அடுப்பு எரிந்தது. மனசு கேட்காமல், தேவையே இல்லாத ஒரு துவைக்கிற சவர்க்காரம் வாங்கப் போனேன். அலமாரியில் பாதி வெறும் பலகை. சவர்க்காரத்தைக் காகிதத்தில் சுற்றியபடி, கோபமே இல்லாமல் சொன்னார்: "ஆளுங்கள மட்டுமா ஏத்திட்டுப் போற தம்பி? என் யாவாரத்தையும்ல சேத்துக் கட்டிட்டுப் போற."

எதிர்த்திசையில் ஒரு நடை

டவுனிலிருந்து கிளம்பிப்போன குடும்பமும் உண்டு. ஆற்றோரம் மூட்டை தூக்கிய வேலாயுதத்துக்கு முதுகு போய்விட்டது. வேலை இல்லை. அவர் மனைவி தனம் கல்யாணத்துக்கு முன் பால்மரம் வெட்டியவள். அலோர் காஜா பக்கம் ஒரு சின்னத் தோட்டத்தில் அவளுக்கு வேலையும், தங்க ஒரு குடிசையும் கிடைத்தன.

வேலாயுதம் பின்னால் ஏறிச் சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார். தோட்டத்துக்குப் போகும் செம்மண் பாதை அவர் முதுகுக்கு ஆகாது. முன்னால் வரச்சொல்லிக் கெஞ்சினேன். தலையைக் குனிந்தபடியே, "அவ உக்காரட்டும்பா. இனிமே சம்பாதிக்கப் போறவ அவதானே" என்றார்.

தனம் பின்னால் ஏறி, சுருட்டிய மெத்தையை அவர் முதுகுக்கு அண்டக்கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "மெதுவா ஓட்டுங்கண்ணே. முன்னால உக்கார ஆளில்ல."

நாடே புதிதாகப் புறப்பட்ட அந்த வருடங்களில், எங்கே போகிறோம் என்று திட்டமாகத் தெரிந்து என் லாரியில் ஏறியவன் அநேகமாக நான் ஒருவன்தான். அதுவும் ஓட்டியது நான் என்பதால்.