உமி தூவிய ஏரி

"ஏரியைப் பாத்துக்கிற ஆளுக்குக் காலேஜ் எதுக்குய்யா?" என்றார் என் மேலதிகாரி. பி.டபிள்யூ.டி.யில் காஞ்சிபுரம் வட்டார ஏரிகளுக்கு நான் இன்ஜினீயர். சனிக்கிழமைகளில் சென்னைக்கு ரயிலேறி, இன்ஜினீயரிங் கல்லூரியில் பாசனப் பாடம் நடத்த அனுமதி கேட்டிருந்தேன். "போய்ட்டு வா. ஒரு மதகு போனாலும் உன்னத்தான் கேப்பேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வகுப்பில் என் மகன் சபாபதியும் இருந்தான். கல்லூரியில் நான் அவனுக்கு சார். அவன் எனக்கு மிஸ்டர் சபாபதி. நானே வைத்த விதி. மற்ற பையன்களுக்கு நல்ல வேடிக்கை.

ஒருநாள் ஏரிக்கரை கசிந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தேன். வெளிப்பக்கம் மண் கொட்டிப் பயனில்லை. தண்ணீர் நுழைகிற ஓட்டையை ஏரிக்குள்ளேயே கண்டுபிடித்து அடைக்க வேண்டும். நீர்மேல் உமியைத் தூவினால் ஓட்டைக்கு நேர்மேலே அது சுழலும்.

"உமி எந்த புஸ்தகத்துல இருக்குது சார்?" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது.

தாமலில்

அந்த ஐப்பசியில், கரையின் உயரம் அளந்து லெவல் எடுத்துப் பழக மாணவர்களைத் தாமல் ஏரிக்கு அழைத்து வந்தேன். ஏரி தளும்பியிருந்தது. ஊரே கரைமேல் நின்றது. கரையின் வெளிச்சரிவில் சேற்றுநீர் பீறிட்டது. மணியக்காரர் ஓடிவந்தார்.

"மண்ணு கொட்டிக்கினே இருக்கோம் சார். கொட்டக் கொட்டக் கரைச்சிக்கினு போவுது. கரை போச்சின்னா கீழ ஒரு வீடு நிக்காது."

மண் கொட்டுவதை நிறுத்தச் சொல்லி, உமி கொண்டுவந்து தூவினோம். மதகுக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் அது மெல்லச் சுழன்றது. அன்று கேள்வி கேட்ட பையன்தான் இன்னொரு கூடை உமியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

மதகைப் பார்த்துக்கொள்கிற நீர்க்கட்டி முனுசாமி, வைக்கோலும் களிமண்ணும் திணித்த மூட்டையோடு நின்றார். "ஒருத்தனா அழுத்த முடியாது சார். கூட முங்குற தம்பி ஜொரத்துல கெடக்கிறான். இன்னொரு ஆள் குடுங்க. சுழல் இழுக்கும், இடுப்புல கயிறு கட்டணும்."

"யாருக்கு முக்குளிக்கத் தெரியும்?" வகுப்பில் கேட்பதுபோலத்தான் கேட்டேன். ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கைதான் உயர்ந்தது. கோயில் குளத்தில் அவனுக்கு முக்குளிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்.

வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழுந்தது. கரைக்குக் கீழே கூரைகள் தெரிந்தன.

"இறங்குங்க, மிஸ்டர் சபாபதி."

அவன் இடுப்புக் கயிற்றை நானே பிடித்தேன். இருவரும் மூட்டையோடு முங்கினார்கள். முனுசாமி மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் முங்கினார். சபாபதி வரவில்லை. கயிறு வெடுக்கென்று இழுத்தது. பிறகு தளர்ந்தது. மணியக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

தலை தெரிந்தது. "அடைச்சிட்டோம் சார். இன்னும் ரெண்டு மூட்டை குடுங்க." அப்போதும் சார்தான்.

சாயங்காலத்துக்குள் கசிவு அடங்கிவிட்டது.

வீட்டில் அவன் கைச் சிராய்ப்பைப் பார்த்து அவன் அம்மா கேட்டாள்: "யாருடா உன்ன எறங்கச் சொன்னது?"

"சார்தாம்மா" என்று என்னைக் காட்டினான். அன்று அவள் எனக்குச் சோறு போட்டாள், குழம்பை நானே ஊற்றிக்கொண்டேன்.

மேலதிகாரி கரையைப் பார்வையிட்டுவிட்டு, "அடைச்சது உன் காலேஜ் பசங்களாய்யா?" என்றார். "ஆமாம் சார்" என்றேன். அதைவிடப் பெருமையாக நான் எந்தப் பதிலும் சொன்னதில்லை.

வேலையோடு பாடமும் நடத்த வருகிற இளைய இன்ஜினீயர்களுக்கு ஒன்று சொல்வேன். கரும்பலகையில் எழுதுவதை உங்கள் பிள்ளையே நாளை தண்ணீருக்குள் செய்யப்போகிறான் என்று நினைத்து எழுதுங்கள். கயிறு தளர்ந்ததை என் கை இன்னும் மறக்கவில்லை.

தாமலுக்குப் போய்வந்த அடுத்த சனிக்கிழமை வகுப்பில் பெயர்களைக் கூப்பிட்டேன். அவன் பெயர் வந்ததும் என் பேனா அந்த வரியிலேயே நின்றுவிட்டது. நான் கூப்பிடாமலே பின்வரிசையிலிருந்து அவனே எழுந்து நின்றான்.

"பிரசென்ட், சார்."