மச்சான் என்ற பெரும்புள்ளி

அலுவலகத்தில் அவருக்கு அகராதி என்று பெயர். கேட்ட சொல்லுக்கு உடனே அர்த்தம் சொல்வார் என்பதால் பாதி, கேட்காதவர்களையும் திருத்துவார் என்பதால் மீதி. "உங்க அகராதித்தனத்தையெல்லாம் ஆபீஸோட வெச்சுக்கங்க" என்று பெண்டாட்டியே சொல்வாள்.

பார்த்த வேலை மொழிபெயர்ப்பு. போதைப்பொருள் கடத்தலை ஒழிக்க மூன்று நாட்டுப் போலீசார் கைகோத்துத் திறந்த கூட்டு விசாரணை அலுவலகம், நாலாவது மாடி. ஒட்டுக் கேட்ட தொலைபேசிப் பேச்சில் தமிழாக இருப்பதெல்லாம் அவர் மேசைக்கு வரும். காதில் பஞ்சு உரிந்த ஹெட்போன். காலடியில், பேச்சை நிறுத்தவும் திரும்ப ஓட்டவும் ஒரு மிதிகட்டை. எட்டு வருஷம் மிதித்ததில் அவருக்கு எந்தச் செருப்பு வாங்கினாலும் வலது கால்தான் முதலில் தேயும்.

அந்த அலுவலகத்துக்கு ஒரு விதிப்புத்தகம் உண்டு. மூன்று நாட்டாரும் ஒரு வருஷம் உட்கார்ந்து பேசி எழுதியது. அதில் பன்னிரண்டாம் விதி, கூப்பிடும் பெயர் எதையும் மொழிபெயர்க்காதே, காதில் விழுந்தபடியே எழுது என்கிறது. நல்ல விதிதான். குருவி என்று பட்டப்பெயர் உள்ளவனைச் 'சின்னப் பறவை' என்று எழுதி வைத்தால் யாரைப் போய்ப் பிடிப்பது? ஆனால் அதை எழுதின புண்ணியவான்களில் ஒருவனுக்கும் மச்சான் கிடையாது போலிருக்கிறது.

தமிழில் பேசிய கடத்தல்காரர்கள் பதினோரு பேர். பதினோரு பேரும் ஒருத்தனை ஒருத்தன் மச்சான் என்றுதான் கூப்பிட்டார்கள். "மச்சான், சரக்கு ஏறிடுச்சு." "மச்சான் பார்த்துக்குவான் விடு." "மச்சான் இல்லாம ஒண்ணும் நடக்காது." அகராதி விதி பிசகாமல் எல்லா இடத்திலும் மச்சான் என்றே எழுதி அனுப்பினார்.

ஒருநாள் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். சுவர் முழுக்க ஒரு படம். மூன்று நாட்டிலிருந்தும் சிவப்புக் கோடுகள் வந்து நடுவில் ஒரு வட்டத்தில் சேர்ந்தன. வட்டத்துக்குள் முகமில்லாத ஒரு தலை, கீழே 'மச்சான்' என்று பெரிய எழுத்து. ஒரே நாளில் மூன்று நாட்டிலும் இருக்கிறான், எல்லாரோடும் பேசுகிறான், இதுவரை யாரும் அவனைப் பார்த்ததில்லை என்று வெளிநாட்டு அதிகாரி பயபக்தியோடு விளக்கினார். அகராதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை; இருமுவதுபோல் பாவனை பண்ணினார். கூட்டம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று இருந்தார்.

சொல்லவில்லை. வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் வாரம் அது. போன வருஷம் பக்கத்து மேசை அம்மாள் ஒரு சொல்லுக்கு விளக்கம் சொல்லப்போய், உன் கருத்தை யார் கேட்டது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். ஊரையெல்லாம் திருத்துகிற மனுஷன் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு லிப்டில் இறங்கினார். இதைக் கோழைத்தனம் என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

பத்தாம் நாள் மச்சானைப் பிடித்துவிட்டார்கள். பதினோரு பேரில் ஒருவன் தப்பி ஓடும்போது போனைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். அதில் ஒரு எண்ணுக்கு நேரே 'மச்சான்' என்று இருந்தது. அந்த எண் துறைமுகத்துக் குளிர்கிடங்கில் மீன் லாரி ஓட்டும் டிரைவருடையது. ஓடிப்போனவன் அவனுடைய தங்கை புருஷன், அவ்வளவுதான் சங்கதி. இது அகராதிக்கு நன்றாகத் தெரியும். "வண்டி எப்ப கிளம்புது மச்சான்? உன் தங்கச்சிய வழியில எறக்கி விட்டுடு" என்ற பேச்சை மொழிபெயர்த்ததே அவர்தான். அந்தத் தாளின் ஓரத்தில், 'தங்கச்சி என்பது சரக்குக்குச் சங்கேதச் சொல்' என்று யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்.

விசாரணை அறையில் டிரைவர் ரப்பர் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தான். வேலையிலிருந்து அப்படியே தூக்கி வந்திருந்தார்கள், அறையெல்லாம் மீன் வாடை. ஒரு மணி நேரம் ஏதேதோ ஊர்ப் பெயராகக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் அவன் பேந்தப் பேந்த விழித்தான். கடைசியில் அதிகாரி கேட்டார், அகராதி தமிழில் சொன்னார்:

"நீதான் மச்சானா?"

தனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டுவிட்டார்கள் என்று டிரைவர் முகம் மலர்ந்தது. "ஆமா சார், நான்தான் மச்சான். அதுல என்ன சந்தேகம்?"

அகராதி தொண்டையைச் செருமினார். அதிகாரி கையைத் தூக்கி, "சொன்னதை மட்டும்" என்றார். அகராதி சொன்னதை மட்டும் சொன்னார். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை.

வழக்கமாக வருஷக்கணக்கில் இழுக்கும் நாடுகடத்தல் காகிதங்கள் மூன்றே வாரத்தில் மூன்று நாட்டு முத்திரையும் வாங்கின. டிரைவரை விமானத்தில் ஏற்றி, வழக்கு நடக்கும் நாட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு ஒரு மாதம் கழித்து, பெண்டாட்டியின் அண்ணனோடு போனில் "சொல்லுங்க மச்சான்" என்று ஆரம்பித்த அகராதி, அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொண்டார். போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்து, மச்சான் என்பது ஆள் பெயரே அல்ல, உறவுமுறை, சிநேகிதர்களும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினார்.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'தகவலுக்கு நன்றி. மச்சான் என்பது பெயர் அல்ல, கும்பலில் பலர் வகிக்கும் பதவி என்று குறித்துக்கொண்டோம். குற்றப்பத்திரிகை அதற்கேற்பத் திருத்தப்பட்டது.' கூடவே சர்வதேச ஒத்துழைப்பில் சிறந்த பணிக்காக அவருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம், கண்ணாடிச் சட்டம் போட்டு.

அந்த வாரமே டிரைவரின் தங்கை வந்தாள். லிப்ட் வாசலில் வழிமறித்து நின்றாள்.

"அண்ணே, அந்த ரூம்ல தமிழ் பேசினவர் நீங்கதானே?"

"ஆமாம்மா."

"நான்தான் மச்சான்னு எங்கண்ணன் ஒத்துக்கிட்டதா எழுதியிருக்காங்க. மச்சான்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதாண்ணே?"

"தெரியும்மா. எழுதிக் கொடுத்தேன்."

அவளுக்கு உயிர் வந்தது. "அப்படியாண்ணே? எப்ப குடுத்தீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். "அவரை அனுப்பி ஒரு மாசம் கழிச்சு" என்றார்.

அவள் கீழே வைத்திருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சரி சார், நான் வரேன்" என்றாள்.