நேரலைக்காகத் தார்ப்பாயை எடுத்தேன்

பூதலூர் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்துக் களம். ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர், அவர் பேசுவதைப் போனில் நேரலையாகப் பிடிக்கும் ரவி, என் நாத்தனார் செல்வி, நான். அவ்வளவு பேர்தான் இருந்தோம். எங்கள் நெல் எடைக்காகக் குவிந்து கிடந்தது.

"அக்கா, தார்ப்பாயை எடுத்துடுங்க. நெல்லு பளிச்சுன்னு தெரியட்டும்" என்றார் ரவி.

மேற்கே வானம் கருத்திருந்தது. செல்வி வேண்டாம் என்றாள். வீடியோவில் வரும் ஆசையில் நான்தான் எடுத்தேன்.

வேட்பாளர் பேச ஆரம்பித்ததும் காற்று கிளம்பியது. தார்ப்பாய் பறந்து வாய்க்காலில் விழுந்தது. தூறல் போட்டது. நெல் நனைந்தால் எடுக்க மாட்டார்கள். ஒரு போக உழைப்பும் போய்விடும். நான் ரவியின் போனைப் பார்த்து, "யாரு பாத்தாலும் சரி, மூட ஏதாவது கொண்டாங்க" என்று கத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் பைக்குகள் வந்தன. எல்லாரும் எதிர்க்கட்சிக்காரர்கள். கடைத்தெருவில் கட்டியிருந்த தங்கள் பிளெக்ஸையே அவிழ்த்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

"உங்களைக் கிண்டல் பண்ணத்தான் பாத்துக்கிட்டிருந்தோம். இந்த நுனியைப் பிடிங்கண்ணே" என்றான் ஒருவன் வேட்பாளரிடம்.

அவர் பிடித்தார்.

"அண்ணே, அவங்க தலைவர் படம். லைவ்ல போகுது" என்றார் ரவி.

"போகட்டும்யா. நீயும் வந்து பிடி."

போனில் அடித்துக்கொள்கிறவர்களை அதுவரை ஒரே பக்கம் நின்று நான் பார்த்ததில்லை.

மறுநாள் எடை போட்டார்கள். ஐம்பத்து மூன்று மூட்டை.