என் விமர்சனம், தம்பியின் புகைப்படம்

சாணித்தாளில் அச்சான அந்தப் படக்கதைப் புத்தகத்தைப் பிரித்தாலே மண்ணெண்ணெய் போல ஒரு நெடி மூக்கில் ஏறும். ஒரு கதையை முடிப்பதற்குள் கட்டைவிரல் இரண்டும் கறுத்துப்போகும். தெலுங்கு பேசும் மாரெட்பள்ளியில் தமிழ்ப் புத்தகத்துக்கு எங்கே போவது? சென்னையிலிருந்து மாதம் ஒன்றாகத் தபாலில் வந்த அந்த "பொம்மை புக்"கை வைத்துக்கொண்டுதான், பள்ளியில் தமிழே இல்லாத நான், அம்மாவிடம் எழுத்தைக் கேட்டுக் கேட்டுப் படிக்கக் கற்றேன். என் தம்பிக்கு அந்தப் பொறுமை கிடையாது. படத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஏமண்டுன்னாடு?" என்று தெலுங்கில் கேட்பான். அவன் என்ன சொல்கிறான், இவன் என்ன சொல்கிறான் என்று கட்டம் கட்டமாக நான் படித்துச் சொல்ல வேண்டும்.

ஓர் ஆண்டு முழுவதும் ஒரு மாதம் தவறாமல் அந்தப் புத்தகத்தின் வாசகர் கடிதப் பக்கத்துக்கு விமர்சனம் எழுதினேன். முதல் கட்டத்தில் வலக்கையில் இருந்த துப்பாக்கி அடுத்த கட்டத்தில் இடக்கைக்கு எப்படிப் போனது என்று ஓவியரையே கேட்டேன். முதல் அஞ்சலட்டையின் அடியில் என் பெயரை எழுதப்போனபோது, ரயில்வே பணிமனையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அப்பா தடுத்தார். "பொட்டப்புள்ள பேரும் வெலாசமும் புஸ்தகத்துல வந்தா கண்டவனும் லெட்டர் போடுவான். தம்பி பேர எழுது."

எழுதினேன். பன்னிரண்டு மாதமும் அவன் பெயரில் எழுதினேன். ஆண்டு மலரில் சிறந்த வாசகர் என்று என் கடிதத்துக்கு மேலே பள்ளி டையோடு தம்பியின் புகைப்படம் வந்தது. அப்பா அக்கம்பக்கத்துக்கெல்லாம் "மிட்டாயி" கொடுத்தார். நான் அழுததற்கு அம்மா, "யார் பேர்ல வந்தா என்னடி, நம்ம வூட்டுக்குத்தான வந்துது?" என்றாள். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

இப்போது படிக்கும் காமிக்ஸுக்கும் கிராஃபிக் நாவலுக்கும் என் பெயரிலேயே இணையத்தில் விமர்சனம் எழுதுகிறேன். ஆனால் போன மாதம் இங்கே நடந்த காமிக்ஸ் ரசிகர் கூட்டத்தில் தம்பி மேடையேறி, சின்ன வயதில் தான் எழுதிய விமர்சனங்களைப் பற்றி ஆங்கிலத்தில் அரைமணி நேரம் பேசினான். கீழே இறங்கியதும் பிடித்துக்கொண்டேன். "ஹவ் அக்கா, நீயும்தான் ஹெல்ப் பண்ணே. கைக்கு இவ்ளோ கோபம்?" என்றான், "ஆமாம்", "ஏன்" என்பதற்கெல்லாம் இந்த ஊர் உருதுவைக் கலந்து. பொய் சொல்கிறான் என்றால் சண்டை போடலாம். அவன் அதை உண்மை என்றே நம்புகிறான்.

அந்தப் பத்திரிகை நின்று வெகுகாலம் ஆயிற்று. வாசகர் கடிதம் என்று ஒரு பக்கமே இன்று எதிலும் காணோம். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. எழுதியவள் நான் என்று சொல்ல ஓர் ஆள் மிச்சமில்லை.

நேற்று மாலை தம்பி வாட்ஸ்அப்பில் ஆண்டு மலரின் அந்தப் பழைய பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். கூட்டம் நடத்தியவர்கள் அவன் கடிதத்தை ஆங்கிலத்தில் வெளியிடப்போகிறார்களாம். "அக்கா, இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்."

வரிக்கு வரி எனக்கு மனப்பாடம். பதில் அனுப்பினேன்: "நீ எழுதினதுதானே? நீயே படி."