மார்கழியில் எழுதி மாசியில் விற்ற வயல்

தண்டப்பணம் கட்டச் சொல்லி வந்த கடிதத்தை முதலில் வாசித்தது நான்தான். பாதியிலேயே எனக்கு உடம்பு சூடேறிவிட்டது. முள்ளியவளையில் இருந்த எங்கள் வயலை விற்ற இலாபத்துக்கான வரி விவரத்திரட்டைப் பிந்திக் கொடுத்துவிட்டோமாம். காணி கைமாறி ஒரு மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டுமாம். வரியை நாங்கள் ஒரு சதமும் குறையாமல் கட்டியிருந்தோம். யாரும் கேட்டு வரவில்லை, நாங்களாகவே வவுனியாவுக்குப் பஸ் ஏறிப் போய்க் கட்டிவிட்டு வந்தோம். அதற்குப் பிறகும் தண்டமா?

அந்தக் கிழமைதான் வீட்டு வளவில் குழாய்க்கிணறு அடித்து முடித்திருந்தார்கள். நல்ல தண்ணீர். சேற்று நீர் பீறிட்டு வந்தபோது நான் சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டினேன், அடித்த பெடியன்கள் சிரித்தார்கள். இனி மோட்டார் வாங்கிப் பூட்டினால் மிளகாய், கத்தரி, பயிற்றை எல்லாம் வைக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். தண்டத்தைக் கட்டினால் மோட்டார்க் காசு அப்படியே போய்விடும். தண்ணீர் நிலத்துக்குக் கீழே கிடக்க, நாங்கள் மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"கட்டிப்போட்டு விடுவமப்பா" என்றார் என் கணவர். அவ்வளவுதான் சொன்னார். எழும்பி மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

எனக்கோ கட்டிப்போட்டு விட மனம் வரவில்லை. ஏனென்றால் நாங்கள் பிந்தவேயில்லை!

நடந்தது இதுதான். இவருக்கு முழங்கால் தேய்ந்து, சேற்றில் இறங்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மகள் கொழும்பில் வேலை. அதனால் பக்கத்து வயல்காரருக்கே விற்பதென்று முடிவானது. மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பம் அவருடையது, நல்ல உழைப்பாளி. மார்கழியில் நொத்தாரிசிடம் போய்க் காணி உறுதிப் பத்திரம் எழுதிக் கையெழுத்து வைத்தோம். வயலில் அப்போது பயிர் கதிர் வெளிவராத குடலைப் பருவத்தில் நின்றது. வாங்கியவர் வாசலில் வைத்தே சொன்னார்: "அக்கா, வெதச்சது நீங்க, வெட்டுறதும் நீங்கதான். அதுக்கப்புறம் நான் எறங்கிக்கிறேன்." எங்கள் பக்கத்தில் இது புதினமான கதையே இல்லை. நிற்கிற பயிரோடு ஒருவனை வயலை விட்டு எழுப்புவது பாவம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். மாசியில் வெட்டு மெசின் வந்தது, நெல்லை ஏற்றினோம், வரம்பில் கற்பூரம் கொளுத்தினோம், அன்றைக்குத்தான் வயலைக் கொடுத்தோம். அந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் விவரத்திரட்டும் கொடுத்தோம். எங்கள் கணக்கு நேராகத்தான் இருந்தது. அரசாங்கம் மார்கழியிலிருந்து எண்ணியது, நாங்கள் மாசியிலிருந்து எண்ணினோம்.

கடிதத்தின் அடியில், தீர்மானத்தை மீளாய்வு செய்யக் கேட்கலாம் என்று ஒரு வரி இருந்தது. எனக்கு அது போதும். அன்றிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கோழிக்குத் தீன் போடும்போது கோழியிடம் வாதாடினேன். குசினியில் தேங்காய் துருவும்போது எதிரில் அதிகாரி இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "நீங்களே சொல்லுங்கோ, நியாயமோ?" என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் விவாதப் போட்டிக்கு என்னைச் சேர்க்காமல் விட்ட குறை இப்போதுதான் தீரப்போகிறது என்று மனம் பூரித்து ஒரே புளுகம். இவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பேசாமல் தேத்தண்ணி குடிப்பார்.

மனுவைத் தட்டச்சு செய்யப் போன இடத்தில் கடைக்காரர் எனக்குப் புத்தி சொன்னார்.

"அக்கா, இந்தப் பயிர்க் கதை எல்லாம் எடுபடாது. ஐயாவுக்கு டெங்கு, படுக்கையிலை கிடந்தவர் எண்டு எழுதுவம். மருத்துவச் சான்றிதழ் ஒண்டு எடுத்தால் அலுவல் முடிஞ்சுது."

ஒரு கணம் மோட்டார் என் கண்ணுக்குள் வந்து நின்றது. உண்மையைச் சொல்கிறேன், ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் உடனே கோபமும் வந்துவிட்டது.

"படுக்கையிலை கிடந்த மனிசன் மெசினுக்கு முன்னாலை நிண்டு, அது எட்டாத மூலையை அரிவாளாலை வெட்டினதை ஊரே பார்த்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குத்தான், தம்பி. நான் சொல்லுறதை அப்படியே அடியுங்கோ."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு அடித்தார்.

விசாரணைக்கு அழைத்த நாளில் மூன்று பேரும் வவுனியாவுக்குப் போனோம்: நான், இவர், வயலை வாங்கியவர். நெடுங்கேணி தாண்டும்வரை நான் கதைத்துக்கொண்டே போனேன். வாங்கியவர் பாவம், எல்லாவற்றுக்கும் "ஆமாங்க்கா" போட்டார். இவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதிகாரி இளம்பெண். எங்கள் மகளின் வயதுதான் இருக்கும், ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. நான் பாடமாக்கியதை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். அவா இடைமறிக்காமல் கேட்டா. பிறகு, "அம்மா, சட்டத்துக்கு உறுதி எழுதின நாள்தான் விற்ற நாள். அதை நான் மாத்தேலாது" என்றா.

அவா வாங்கியவரின் பக்கம் திரும்பினா.

"மார்கழியிலையே காணி உங்கடை பேரிலை. நீங்கள் எப்ப வயலுக்கை இறங்கினீங்கள்?"

"மாசியிலதாங்க மிஸ். அதுக்கு முன்ன வரம்புல நின்னு பாத்தேன், அவ்வளவுதான்."

"உங்கடை காணிக்குள்ளை இறங்க உங்களுக்கு என்ன தடை?"

அவர் அதிகாரியை வியப்போடு பார்த்தார். இப்படியும் ஒரு கேள்வி உண்டா என்பதுபோல.

"அவங்க பயிரு நிக்குதுல்லங்க."

நான் கோழிகளிடம் நாட்கணக்காகப் பேசிப் பழகியதெல்லாம் அந்த ஒரு பேச்சுக்கு உறை போடக் காணாது. அதிகாரி கோப்பைப் பிரட்டினா, நாங்களாகவே வந்து வரி கட்டிய பற்றுச்சீட்டைப் பார்த்தா, எதையோ எழுதினா.

"நாள் நாள்தான். ஆனால் நீங்கள் ஒளிக்கேல்லை, பிந்தினதுக்கு ஏற்கக்கூடிய காரணமும் இருக்கு. தண்டத்தை நீக்கச் சொல்லி எழுதிறன். கடிதம் வரும்."

நான் துள்ளாத குறை! வாங்கியவரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன், அதிகாரியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவா முதல்முறையாகச் சிரித்தா. நாங்கள் எழும்பும்போது இவரைப் பார்த்து அன்பாகத்தான் சொன்னா:

"ஐயா, அடுத்த முறை காணி விற்கேக்கை உறுதி எழுதின நாளிலை இருந்து எண்ணுங்கோ, என்ன?"

இவர் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார்.

"அடுத்த முறை எண்டு ஒண்டு இல்லைப் பிள்ளை. அதுதான் எங்களிட்டை இருந்த கடைசி வயல்."

அது எனக்குத் தெரியாத விஷயமா? உறுதியில் நானும் சேர்ந்துதான் கையெழுத்து வைத்தேன். ஆனால் அந்தச் சொல்லை இவருடைய வாயால் கேட்டது அன்றைக்குத்தான். கடிதம் வந்த நாளிலிருந்து நான் மார்கழி, மாசி, பயிர், வரம்பு என்று காலையும் மாலையும் அந்த வயலைத்தான் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். இந்த மனிதர் கட்டிப்போட்டு விடுவோம் என்றது சோம்பலில் என்றல்லவா நினைத்தேன்!

திரும்பி வரும் பஸ்ஸில் வாங்கியவர் முன் இருக்கையில் நித்திரையாகிவிட்டார். புளியங்குளம் தாண்டிய பிறகுதான் கேட்டேன்.

"அந்தக் கதை கதைக்கிறது உங்களுக்கு நோகுது எண்டு ஏனப்பா முதலே சொல்லேல்லை?"

"நீ சண்டைக்கு நிண்ட சந்தோசம் எனக்குத் தெரிஞ்சுதுதானே" என்றார். "அதை ஏன் கெடுப்பான் எண்டு விட்டனான்."

பிறகு, என்ன மோட்டார் வாங்கலாம் என்று அவராகவே கதையைத் தொடங்கினார்.